செதில் எடுத்த கல்லு

எங்கூட்டுக்காரரு ஜீப்பு ஓட்டினவரு. கல்லு தேடற ஆபீஸுல. கல்லைத் தேடறதுக்கு ஒரு ஆபீஸான்னு கேக்காதீங்க, பொண்ணு பாக்க வந்தப்போ நானும் அதைத்தான் கேட்டேன். எங்கப்பா, "மாப்ள இன்னா வேலை பாக்குறீங்க?"ன்னாரு. "சாருங்களை மலைக்கு இட்டுக்கினு போவேன். அவங்க கல்லு பொறுக்குவாங்க. திரும்ப இட்டாந்து வுடுவேன்"ன்னாரு. நான் கதவாண்ட நின்னுக்கினு, "அதுக்கு இன்னாத்துக்கு ஜீப்பு? மழை பேஞ்சா எங்க பட்டினப்பாக்கம் ரோடு பூரா கல்லுதான். நடந்தே வந்து பொறுக்கிக்கச் சொல்லு"ன்னேன். எங்கம்மா கிள்ளிச்சி. அந்தாளு சிரிச்சாரு. கிள்ளின எடம் வீங்கினது கூட மறந்துபோச்சி, அந்தச் சிரிப்பு மறக்கல.

அன்னிக்கு ஆரம்பிச்ச கேலி, அவரு சாவுற வரைக்கும் ஓயல. இப்போ கேலி பண்ண ஆளில்லாம என் வாயி துருப் புடிச்சிக் கெடக்குது.

நான் மீனு விக்கிறவ. பட்டினப்பாக்கத்துல ரோட்டோரம் பலகை போட்டு, குடையக் கட்டி, காலையில குந்தினா மத்தியானம் வரைக்கும். என் கைக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு, செதில் எடுக்கிறது. கத்தியோட பின்பக்கத்தை வெச்சி வாலுலேர்ந்து தலைக்கு ஒரு இழுப்பு. காரு வெச்சிருக்கிற அம்மாங்க கூட, "உன்னை மாதிரி யாரும் சுத்தமா எடுக்க மாட்டேங்கிறாங்க"ன்னு மயிலாப்பூருலேர்ந்து வந்து வாங்கிக்கினு போவாங்க. இத்த ஏன் சொல்றேன்னா, அந்தக் கைதான் பின்னாடி எனக்கு வேட்டு வெச்சிச்சி.

எங்கூட்டுக்காரரு மலைக்குப் போனா நாளு கணக்கா வூட்டுக்கு வரமாட்டாரு. வரும்போது மூட்டை நெறைய அழுக்குத் துணி, வாயி நெறைய கதை. ஒரு தரம், சிறுத்தை வந்து ஜீப்பு ரேடியேட்டர்ல தண்ணி குடிச்சிச்சின்னாரு. "டம்ளர் குடுத்தியா, இல்ல வாயி வெச்சேவா?"ன்னு கேட்டேன். இன்னொரு தரம், ஆரன் அடிச்சா மயிலு பதிலுக்கு ஆரன் அடிக்குதுன்னாரு. "அப்ப மயிலுக்கும் லைசென்ஸ் எடுத்துக் குடு"ன்னேன். எல்லாம் டூப்புன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த டூப்பைக் கேக்கத்தான் சோத்தை ஆறப் போட்டுக்கினு குந்தினு இருப்பேன்.

அப்படி ஒரு தரம் வந்து சொன்னதுதான் இந்தக் கல்லு கதை.

"சாருங்களாண்ட ஒரு டார்ச்சு கீது மே. அடிச்சா வெளிச்சமே வராது. லேசா ஊதாவா, கத்திரிக்கா தோலு மாதிரி வரும். கறுப்புக் கம்பளியப் போத்திக்கினு, பொறுக்கினு வந்த கல்லை உள்ள வெச்சி, அந்த டார்ச்சை அடிச்சிப் பாக்குறாங்க."

"பட்டப்பகல்லயா?"

"பட்டப்பகல்லதான். மூணு பெரிய மனுசங்க, ஒரு கம்பளிக்குள்ள தலைய வுட்டுக்கினு."

"படிச்சவங்க பண்றதெல்லாம் பாரு."

"சிரிக்காதமே. நானும் தலைய வுட்டுப் பாத்தேன். நம்ம அம்மிக்கல்லு மாதிரி சாம்பக் கலருல ஒரு கல்லு. அந்த டார்ச்சு பட்டவுடனே பச்சையா எரியுதுமே. நெருப்பு இல்ல, சூடு இல்ல. எப்டி சொல்றது... பச்சக்கிளிக்கு கரண்டு குடுத்தா மாதிரி."

"இன்னா கல்லாம் அது?"

"யுரேனியம். அதுலேர்ந்துதான் கரண்டு எடுக்கிறாங்களாம்."

"அப்ப ரெண்டு எடுத்தாய்யா, நம்ம வூட்டு ஃபேனு நல்லா ஓடட்டும்."

அடுத்த வாட்டி மெய்யாலுமே ஒண்ணு எடுத்தாந்துட்டாரு. பேப்பர்ல சுத்தி, என் கைமூட்டு சைஸுல. பிரிச்சிப் பாத்தேன். கறுப்புமில்ல வெள்ளையுமில்ல, ஒரு பக்கம் மட்டும் மஞ்சளா, காஞ்சுபோன பொறுக்கு மாதிரி என்னவோ ஒட்டிக்கினு இருந்துச்சி. "இன்னாய்யா, சொறி புடிச்ச கல்லை இட்டாந்திருக்க? தைலம் தடவி அனுப்பு"ன்னேன். அந்தாளுக்குக் கோவம் வரல. சாமி மாடத்துக்கு மேல, கைக்கு எட்டாத எடத்துல வெச்சாரு. "இத்த தொட்டா கையைக் கழுவணும் மே. கொழந்த கைல குடுத்துடாத. எங்க பெரிய சாரு சொல்லி அனுப்பினாரு"ன்னாரு.

"மீனைத் தொட்டா கையைக் கழுவலாம். கல்லைத் தொட்டா கூடவா?"

"கழுவணும்."

"சரி, எரிய வெச்சிக் காட்டு."

"டார்ச்சு ஆபீஸ் டார்ச்சு மே. சாராண்ட கேட்டு ஒருநாளைக்கு எடுத்தாந்து காட்டுறேன்."

அந்த ஒருநாள் வரவேயில்ல. சாரு வேற ஊருக்கு மாறிப் போனாரு, இவரு வேற ஜீப்புக்கு மாறினாரு, அப்பால வேலையும் முடிஞ்சிபோச்சி. எங்க வூட்ல அது ஒரு பேச்சாவே ஆயிடுச்சி. தீவாளிக்கு தி.நகருலேர்ந்து பொடவை எடுத்தாரேன்னு சொன்னா, "ஆமா, கல்லு எரியுற அன்னிக்கு எடுத்தாருவ"ன்னுவேன். எம்பொண்ணு வளந்ததே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். பள்ளிக்கூடத்துல பாஸாயிட்டியாடின்னா, "கல்லு எரியுற அன்னிக்கும்மா"ன்னு அதுவும் சொல்லும். அவரு சிரிப்பாரு. ஆனா ஒவ்வொரு வாட்டியும் சிரிச்சி முடிச்சிட்டு, "எரியும்மே, நான் பாத்தேன்"ன்னு மெதுவா ஒண்ணு சொல்லுவாரு. அது மட்டும் சிரிக்கிற கொரல்ல இருக்காது.

சாவு அன்னிக்குக் காலையில கூட அதே பேச்சுதான். நான் பலகைக்குக் கெளம்பிக்கினு இருந்தேன். "உனக்கு எப்டியாச்சும் ஒருநாள் காட்டிடணும் மே"ன்னாரு. "எம்பொணத்துக்குக் காட்டு"ன்னு சொல்லிட்டுக் கூடையத் தூக்கினேன். மந்தவெளில டீக்கடையில நின்னுக்கினே சரிஞ்சாராம். மாரடைப்பு. நான் போறப்போ கையில டீ கொட்டின ஈரம் கூட காயல.

காரியத்துல எனக்குப் பூவு எடுத்தாங்க, பொட்டு எடுத்தாங்க. மூஞ்சிக்கு மஞ்சா பூசக்கூடாதுன்னு சொந்தக்காரிங்க சொல்லிட்டுப் போனாங்க. எம்மூஞ்சி ஒண்ணும் அம்மாம் சோக்கான மூஞ்சி இல்ல, அதுக்காக அழல. ஆனா வெள்ளிக்கிழமையானா இந்தக் கை சும்மா இருக்கமாட்டேங்குது. அவரு இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை காலையில மஞ்சாவ உரசி, ரெண்டு சொட்டு நல்லெண்ண வுட்டுக் கொழைச்சி, கன்னத்துல தடவிக்கினுதான் பலகைக்கே போவேன். கொழைச்சதை எங்க பூசறது? மாடத்துக்கு மேல கல்லு குந்தினு கெடந்துச்சி. எனக்குத்தானே பூசக்கூடாது? கல்லுக்குப் பூசக்கூடாதுன்னு எவளும் சொல்லலையே.

எடுத்து வெச்சி மொதல்ல குளிப்பாட்டினேன். பித்தளை வெளக்குத் தேய்க்கிறா மாதிரி புளியக் கரைச்சி ஊத்தி, தேங்கா நாரை வெச்சித் தேச்சேன். மஞ்சா பூசினேன், ஒரு பூவு வெச்சேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அதே வேலைதான். அவருக்குப் பண்ண முடியாததை எல்லாம் கல்லுக்குப் பண்ணினேன். கல்லும் அவரை மாதிரிதான், எவ்ளோ பேசினாலும் சிரிச்சா மாதிரியே இருக்கும்.

இப்போ எம்பொண்ணும், அதோட மூணு வயசுப் பாப்பாவும் என்னோடதான் கீறாங்க, பட்டினப்பாக்கத்துல ரெண்டு ரூம்பு வூட்ல. பொண்ணு தி.நகர்ல ஒரு பார்லர்ல புருவம் எடுக்குது, நகத்துக்கு ஜெல்லுன்னு ஒண்ணு பூசுது. ஜெல்லு பூசிட்டு ஒரு சின்னப் பொட்டிக்குள்ள கையை வுடச் சொல்லுவாங்களாம், உள்ள ஊதாவா லைட்டு எரியும், அது பட்டா ஜெல்லு காஞ்சிடும். போன வருசம் ஒருநாள், தரமணி காலேஜுல கல்லைப் பத்திப் படிக்கிற ஒரு பொண்ணு நகம் போட வந்துச்சாம். கை பொட்டிக்குள்ள கீது, வாயி சும்மாதானே? எம்பொண்ணு சிரிப்பு காட்டணும்னு, "எங்கப்பா இந்த மாதிரி ஊதா லைட்டுல பச்சையா எரியுற கல்லு ஒண்ணு கொண்ணாந்தாரு"ன்னு கதை சொல்லியிருக்குது. அந்தப் பொண்ணு சிரிக்கலையாம். "அக்கா, அது யுரேனியம் கல்லா இருக்கும். வீட்ல கொழந்தை இருக்கா?"ன்னு கேட்டுச்சாம்.

அன்னிக்குச் சாயங்காலம் வூட்டுக்கு வந்து, எம்பொண்ணு செருப்பு கூட கழட்டல.

"ம்மா, அந்தக் கல்லை வெளிய போடு."

"ஏன்டி, உனக்கு இன்னா பண்ணிச்சி அது?"

"யுரேனியம்மா. ஒடம்புக்கு ஆவாதாம். நேத்து நீ மஞ்சா பூச கீழ எடுத்து வெச்ச கல்லுலேர்ந்து பாப்பா பூவை எடுத்து வாயில வெக்கிது, நீ பாத்துச் சிரிச்சிக்கினு இருக்குற."

"உங்கப்பன் சொன்னதை என்னிக்குடி நம்பியிருக்கோம்? மயிலு ஆரன் அடிச்சதை நம்பினியா?"

அது செருப்பைக் கழட்டிப் போட்டுச்சி. எம்பொண்ணு நல்லது, அதுக்கு நான் கல்லை எப்டி வெச்சிருக்கேன்னு தெரியும். "சரி. நாளைக்கு பார்லருக்கு எடுத்தா. அந்தப் பொட்டியில வெச்சிப் பாப்போம். எரிஞ்சா வெளிய. எரியலைன்னா உள்ள. அதோட பேச்சு முடிஞ்சிடும்"ன்னுச்சி.

நியாயந்தான். ஆனா நான் மாட்டிக்கினதைப் பாருங்க. எரிஞ்சா அவரு சொன்னது மெய்யி, கல்லு போயிடும். எரியலைன்னா கல்லு கெடைக்கும், அந்தாளு சாவுற வரைக்கும் எனக்கு ரீலு வுட்டாருன்னு ஆயிடும். ரெண்டுல எது வேணும்னு சாமியாண்ட கேக்கக் கூட எனக்குத் தெரியல. ரெண்டுமே வேணும்னு கேட்டா சாமிக்கே சிரிப்பு வரும்.

காலையில கஸ்டமருங்க வர்றதுக்கு முன்னாடி போனோம். கல்லை முந்தானையில சுத்திக்கினு போனேன். உள்ளங்கையில ஏந்தி நகப் பொட்டிக்குள்ள வெச்சிட்டுக் கையை எடுத்துட்டேன். எம்பொண்ணு ஸ்கிரீனை இழுத்து வுட்டு, பொட்டியோட சுவிட்சைப் போட்டுச்சி.

எரிஞ்சிதுங்க. மஞ்சளும் பச்சையுமா, எலுமிச்சங்கா தோலு மாதிரி, கல்லு பூரா.

நான் அங்கேயே குந்திட்டேன். "யோவ்"ன்னு வாய்லேர்ந்து வந்துச்சி. எம்பொண்ணும் கண்ணைத் தொடச்சிக்கினுச்சி. அப்பால மூக்கை உறிஞ்சிக்கினு, "சரிம்மா. பாத்துட்டல்ல? குடு, வெளிய போட ஒரு கவர் எடுத்தாரேன்"ன்னுச்சி.

கல்லை எடுக்க மறுபடி கையை உள்ள வுட்டேன். எம்பொண்ணு வீல்னு கத்துச்சி.

"ம்மா! உன் கை!"

என் வெரலெல்லாம் எரியுது. நகத்தோரம், ரேகை இடுக்கு, மோதிர வெரலு மடிப்பு, எல்லாம் அதே மஞ்சப் பச்சை.

"கல்லு உன் ஒடம்புல ஏறிடுச்சும்மா! ஐயோ, இத்தினி நாளு தொட்டியே!"

"ஏய், கத்தாதடி. ஏறினா ஏறிட்டுப் போவுது, கரண்டு பில்லு மிச்சம்"ன்னேன். உள்ளுக்குள்ள எனக்கும் பயந்தான். அப்போ எம்பொண்ணு திடீர்னு கத்தறதை நிறுத்திச்சி. மூஞ்சிக்கு மஞ்சா பேக்கு போடற கிண்ணம் ஒண்ணு பக்கத்துல கெடந்துச்சி, முந்தின நாளு கழுவாதது. அத்த எடுத்துப் பொட்டிக்குள்ள வெச்சிச்சி. கிண்ணமும் எரியுது. கரண்டியும் எரியுது.

"ம்மா... மஞ்சாம்மா. நீ பூசின மஞ்சா."

தல கழுவுற தொட்டியில வெச்சி, ஷாம்பு போட்டு, பிரஷ்ஷால தேச்சி, கல்லைக் கழுவினோம். தொடச்சி மறுபடி வெச்சோம். ஒண்ணுமில்ல. ஐஸு போட்டு ரெண்டு நாளான மீனு கண்ணு மாதிரி, செத்த கல்லு. நல்ல பக்கத்தைத் திருப்பி வெச்சோம், கெட்ட பக்கத்தைத் திருப்பி வெச்சோம். ஒண்ணுமே இல்ல.

"வுடும்மா. நல்லதுதானே? நீயே வெச்சிக்க"ன்னுச்சி எம்பொண்ணு. அதுக்கு நிம்மதி. நானும் சிரிச்சேன். "உங்கப்பன் அம்மிக்கல்லை ஒடச்சி எடுத்தாந்து எனக்கு யுரேனியம்னு வித்துட்டான் பாரு"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்பால நான் பஸ்ஸு புடிச்சி பட்டினப்பாக்கம் வந்து, வூட்டுக் கதவைச் சாத்திக்கினு, அந்தாளு செத்தப்போ கூட அழாத அழுவை அழுதேன். செத்தப்போ ஆளுதான் போச்சி. இப்போ, "எரியும்மே, நான் பாத்தேன்"ன்னு சொன்ன அந்தக் கொரலும் போயிடுச்சி.

அதுக்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைங்கள்ல நான் மஞ்சா கொழைக்கல. கல்லு மாடத்துல மொட்டையா குந்தினு இருந்துச்சி. ஒருநாள் வியாபாரம் முடிஞ்சி பலகையைக் கழுவும்போது ஒரு ஆத்திரம் வந்துச்சி பாருங்க. அந்தப் பெரிய சாரைப் போய் நாலு கேள்வி கேக்கணும். உங்க கூடச் சுத்தித்தானே என் புருசன் இப்படி பொய்யி சொல்லக் கத்துக்கினான்னு கேக்கணும். சாரு ரிட்டயராயி அடையாறுக்கே திரும்பி வந்துட்டாரு, காந்தி நகர்ல வூடு. சாவுக்கு வந்தவரு, எதுனா வேணும்னா வாம்மான்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. கல்லைக் கவர்ல போட்டுக்கினு கெளம்பினேன்.

அவங்க மீனு துன்னாதவங்க. கூடையக் கேட்டுக்கு வெளியவே வெச்சிட்டு, கையை மோந்து பாத்துக்கினு உள்ள போனேன். சாரு பால்கனியில குந்தினு இருந்தாரு, கண்ணு ஆப்பரேசன் ஆயி கறுப்புக் கண்ணாடி. நான் யாருன்னு சொன்னேன். "அடடே, டிரைவர் ஆத்துக்காரியா! உக்காரும்மா"ன்னாரு.

திட்டணும்னுதான் போனேன். வாயி அதுபாட்டுக்கு, "சார், உங்க ஆபீஸ் கல்லு ஒண்ணு எங்கூட்ல கீது. பல்பு ஃபியூஸ் போயிடுச்சி, மாத்திக் குடுங்க"ன்னுச்சி.

சாரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. கல்லை வாங்கி, கண்ணாடியத் தூக்கிக்கினு, மூக்குல இடிக்கிற மாதிரி வெச்சிப் பாத்தாரு. பாக்கப் பாக்க சிரிப்பு கொறஞ்சிபோச்சி.

"மேல மஞ்சளா ஒண்ணு ஒட்டிண்டிருந்திருக்குமே?"

"இருந்துச்சி சார். சொறி மாதிரி."

"அது எங்கம்மா?"

"சுத்தம் பண்ணிட்டேன் சார். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை, புளி போட்டு, தேங்கா நாரு வெச்சி."

சாரு கல்லை மடியில வெச்சிக்கினு தெருவைப் பாத்தாரு. அப்பால மெதுவாச் சொன்னாரு. "கல்லு எரியாதும்மா. கல்லு மேல படிஞ்சிருக்கே அந்த மஞ்சள் பொறுக்கு, அதுதான் எரியும். ரொம்ப மெத்துனு இருக்கும், நகம் பட்டாலே உதிரும். புளிப்பு பட்டா கரைஞ்சே போயிடும். மீனுக்குச் செதில் இருக்கில்லையா, அந்த மாதிரி."

செதிலு. எனக்கா தெரியாது செதிலுன்னா இன்னான்னு? மயிலாப்பூருலேர்ந்து காருல வந்து வாங்கிக்கினு போற கையாச்சே. ஒண்ணு வுடாம எடுத்துட்டேன். என் புருசன் வாழ்க்கையில சொன்ன ஒரே ஒரு மெய்யை, செதில் செதிலா, நானே தேச்சி சாக்கடையில வுட்டிருக்கேன்.

"அப்ப அவரு பொய்யி சொல்லலையா சார்?"

"உங்காத்துக்காரரா? என்கிட்ட வந்து, 'சார், எங்கூட்டுக்காரி நம்ப மாட்டா, ஒண்ணு குடுங்க, காட்டணும்'னார். நான்தாம்மா பொறுக்கிக் குடுத்தேன். லைட்டும் ஒருநாள் தரேன்னேன். அதுக்குள்ள எனக்கு மாத்தல் வந்துடுத்து."

நான் முந்தானையால வாயப் பொத்திக்கினேன். சாரு எழுந்து உள்ள போயி, அலமாரிலேர்ந்து ஒரு சின்ன டார்ச்சும் ஒரு பழைய கம்பளியும் எடுத்தாந்தாரு. "எங்கேயாவது இடுக்குல மிச்சம் இருக்கான்னு பாப்போம். தலையை உள்ள விடும்மா"ன்னாரு.

பட்டப்பகல்ல, காந்தி நகர்ல, ஒரு கம்பளிக்குள்ள சாரும் நானும். சிரிக்கிறதா அழுவுறதா தெரியல. சாரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. அப்போ வெளிய சாரு வூட்டு மாமி கொரலு.

"ஏன்னா, கம்பளிக்குள்ள யாரு?"

"நான்தான் மாமி, மீன்காரி. பயப்படாதீங்க."

"மீன்காரியோட கம்பளிக்குள்ள உங்களுக்கு என்னன்னா வேலை?"

"கல்லு பாக்கறேன்டீ!"ன்னாரு சாரு. அந்த நிமிசம்தான் டார்ச்சு ஒரு இடுக்குல பட்டுச்சி. கல்லு ஒரு எடத்துல லேசா வெடிச்சிருந்துச்சி, நாரு போவாத அளவுக்குச் சின்ன வெடிப்பு. அதுக்குள்ள ஒரு கோடு. தலமயிரு தடிமன்கூட இல்ல.

பச்சை. மஞ்சா மாதிரி இல்லவேயில்ல. எலுமிச்சங்காயும் இல்ல. பச்சக்கிளிக்கு கரண்டு குடுத்தா மாதிரி.

அவரு சொன்ன சொல்லு. அதைவிட நல்லா எவனாலயும் சொல்ல முடியாது.

எவ்ளோ நேரம் உள்ள இருந்தேன்னு தெரியல. சாரு கையி நோவுதுன்னு சொல்ற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். கம்பளிய எடுத்தப்போ மாமி மோரு டம்ளரோட நின்னாங்க, எம்மூஞ்சியப் பாத்துட்டு டம்ளரை என் கையில குடுத்தாங்க.

மோரைக் குடிச்சிட்டு, "சார், அப்ப சிறுத்தை ரேடியேட்டர்ல தண்ணி குடிச்சதும் மெய்தானா?"ன்னு கேட்டேன்.

"அது பொய்யிம்மா. அது நாய்."

நல்லா இருந்துச்சி அதைக் கேக்க. எல்லாமே மெய்யின்னு ஆயிட்டா அது எம்புருசனே இல்ல.

அப்பால சாரு சொன்னாரு. "கொழந்தை இருக்கற ஆத்துல இது வேண்டாம்மா. பாம்பு மாதிரி பயப்பட வேண்டியதில்லை. ஆனா உதிர்ற தூள் வாயில போகப்படாது. இங்க விட்டுட்டுப் போங்கோ. தரமணி காலேஜுல கல்லெல்லாம் பெட்டில பத்திரமா வெச்சிருக்கா, அங்க குடுத்துடறேன்."

எனக்கு உடனே கள்ளத்தனம் வந்துச்சி. "சார், அந்தக் கோட்டையும் ஊசியால நோண்டி எடுத்துட்டா?"

"எடுக்கலாம். அப்புறம் அது தெருவுல கெடக்கற கல்லு. தாராளமா ஆத்துல வெச்சுக்கலாம்."

எம்பொண்ணாண்ட நான் ஒண்ணும் சொல்லவும் வேணாம். எரியலைன்னு அது பாத்தாச்சி. நோண்டிட்டா கல்லு எனக்கு, வெள்ளிக்கிழமை எனக்கு, மஞ்சா எனக்கு. சாரு ஊசி எடுக்க எழுந்தே போயிட்டாரு. மாமியோட தையல் டப்பா உள்ள தொறக்கிற சத்தம் கேட்டுச்சி. நான் கல்லைக் கையில வெச்சிக்கினு அந்த வெடிப்பைப் பாத்தேன். வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. ஆனா அதுக்குள்ள அந்தாளு குந்தினு, "எரியும்மே"ன்னு சொல்லிக்கினு கீறாரு. மிச்சமிருக்கிறதே அம்மாம்தான். நான் வாழ்க்கை பூரா அவரைப் பொய்க்காரன்னு சொன்னது கேலிக்கு. இப்போ ஊசிய வெச்சி நோண்டினேன்னா, அது கேலி இல்ல.

"நோண்டாதீங்க சார்"ன்னேன். "எம்பொண்ணு வந்து ஒருவாட்டி பாத்துடட்டும். அப்பால நீங்களே வெச்சிக்கோங்க."

போன் போட்டேன், எம்பொண்ணு பார்லருலேர்ந்து சாயங்காலம் நேரா சாரு வூட்டுக்கு வந்துச்சி. இன்னாம்மா, எதுக்கும்மான்னு கேட்டுக்கினே வந்துச்சி. நான் கம்பளியத் தூக்கிக் காட்டினேன். உள்ள தலைய வுட்டுச்சி. சாரு டார்ச்சை அடிச்சாரு. அப்பால கம்பளிக்குள்ளேர்ந்து, சின்ன வயசுல கூப்புடறா மாதிரி, "நைனா"ன்னு ஒரு கொரலு.

வெளிய வந்து என் தோள்ல சாஞ்சிக்கினுச்சி. "கல்லு எரியுற அன்னிக்குன்னு சொல்லிச் சொல்லி அவரைப் பாத்துச் சிரிச்சமேம்மா"ன்னுச்சி. "ஆமாடி. அதுக்குத்தான் தீவாளிப் பொடவை இன்னும் வரல"ன்னேன். ரெண்டு பேரும் சிரிக்கப் பாத்தோம், வரல.

கல்லைச் சாரு பஞ்சு வெச்ச ஒரு டப்பாவுல வெச்சி மூடப் போனாரு. மூடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி தொட்டுக்கறேன்னு கேட்டேன். தொட்டேன்.

இப்போ மாடத்துக்கு மேல ஒண்ணுமில்ல. கல்லு குந்தின எடத்துல மஞ்சாக் கறை வட்டமா கீது. பாப்பா அண்ணாந்து பாத்து, "கல்லு எங்க ஆயா?"ன்னு கேக்குது. "உங்க தாத்தா வந்து இட்டுக்கினு போயிட்டாரு, அவரு ஜீப்புல"ன்னு சொல்றேன். என்னை நம்பாம சிரிக்குது. நல்லா சிரிக்கட்டும்.

அன்னிக்குச் சாரு வூட்லேர்ந்து கெளம்பும்போது மாமி, "கை அலம்பிண்டு போங்கோ"ன்னு சோப்பு குடுத்தாங்க. கொழாயைத் தொறந்தேன். மீனு தொட்ட கையை ஆயிரம் தரம் கழுவியிருக்கேன், கல்லு தொட்ட கையை அன்னிக்குத்தான் மொதமொதல்ல கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். அவரு சொல்லியிருந்தாரு இல்ல, கழுவணும்னு.